மருந்தகச் சங்கிலிகளின் 'பசுமை': வாடிக்கையாளர் கண்ணில் படுவதும் படாததும்

பெரிய மருந்தகச் சங்கிலிகள், நீடித்த முறையில் நடக்கிறோம் என்று காட்ட ஆண்டுதோறும் நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகின்றன. காகிதப் பை, எல்இடி விளக்கு, மின்சார டெலிவரி வண்டி என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். 'வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சூழலுக்கு உகந்த மருந்தகத்தையே விரும்புகிறார்கள்' என்று ஒரு கருத்துக்கணிப்பும் கூடவே வரும். கொஞ்ச நாளில் அதே சங்கிலி நூற்றுக்கணக்கான கிளைகளை மூடுகிறது என்ற செய்தி வரும். மூன்றையும் சேர்த்துப் படிப்பவர் குழம்புவதில் வியப்பில்லை. ஒரு மருந்தகம் 'நீடித்த முறையில்' நடக்கிறது என்றால் அதற்கு என்ன பொருள்? வாடிக்கையாளர் சொல்லும் விருப்பத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

விடையை முன்பே சொல்லிவிடலாம். மருந்தகத்தால் சூழலுக்கு வரும் பாதிப்பில் பெரும்பகுதி, அது விற்கும் மருந்திலும் அதன் கையிருப்புக் கணக்கிலும்தான் இருக்கிறது. பையிலும் விளக்கிலும் இருப்பது சிறு பங்கு. ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரிவது பையும் விளக்கும் மட்டுமே. இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## சங்கிலி என்பது எது

ஒரே உரிமையாளரின் கீழ், ஒரே பெயரில், ஒரே கொள்முதல் முறையோடு இயங்கும் பல மருந்தகங்களைச் சங்கிலி என்கிறோம். இதோடு அடிக்கடி கலந்துவிடும் வகைகள் இரண்டு. ஒன்று, பெயரை மட்டும் வாடகைக்கு எடுக்கும் ஃபிரான்சைஸ் கடை. இன்னொன்று, தனி உரிமையாளர்கள் பலர் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கூட்டமைப்பு. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரிதான். காலாவதி மருந்தின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது, மருந்தாளுநருக்கு விற்பனை இலக்கு வைப்பது யார் என்று கேட்டால்தான் வேறுபாடு புரியும்.

சங்கிலிகள் எல்லா நாட்டிலும் தானாக வளர்ந்துவிடவில்லை. சட்டம் எங்கே கதவைத் திறந்ததோ அங்கே வளர்ந்தன. ஜெர்மனியில் மருந்தாளுநர் மட்டுமே மருந்தகத்தின் உரிமையாளராக இருக்கலாம். ஒரு தலைமைக் கடை, அதிகபட்சம் மூன்று கிளைகள், அவ்வளவுதான். இந்த விதி செல்லும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே 2009இல் ஸ்வீடன் ஏறக்குறைய 40 ஆண்டுகால அரசு ஏகபோகத்தை முடித்துவைத்துத் தனியாரை உள்ளே விட்டது. நார்வே 2001இல் உரிமைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. சில ஆண்டுகளுக்குள் மொத்த வியாபாரிகளின் கைவசமுள்ள மூன்று சங்கிலிகள் சந்தையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. ஹங்கேரி 2007இல் திறந்துவிட்டு, 2010க்குப் பிறகு மறுபடி இறுக்கியது. ஆகவே ஒரு நாட்டில் எடுத்த 'சங்கிலிகளைப் பற்றிய மக்கள் மனப்பான்மை' என்ற ஆய்வை இன்னொரு நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. அரசுக் கடையை மட்டுமே பார்த்துப் பழகியவர் சங்கிலியோடு ஒப்பிடுவது ஒன்றை. தெருமுனை மருந்தாளுநரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர் ஒப்பிடுவது வேறொன்றை.

## வாடிக்கையாளர் எதை வைத்து மதிப்பிடுகிறார்

பொருளியலில் பொருட்களை மூன்றாகப் பிரிப்பார்கள். வாங்கும் முன்பே தரம் தெரிந்துவிடுவது ஒரு வகை, நாற்காலி அப்படி. பயன்படுத்திய பிறகு தெரிவது இரண்டாம் வகை. உணவகச் சாப்பாடு அப்படி. பயன்படுத்திய பிறகும் சாதாரண ஆளால் உறுதியாகச் சொல்ல முடியாதது மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையை 'நம்பிக்கைப் பொருள்' என்று வைத்துக்கொள்வோம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியலாளர்கள் 1973இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். மருந்து பெரும்பாலும் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. காய்ச்சல் இறங்கியது மாத்திரையாலா, தானாகவா? ரத்த அழுத்த மாத்திரை சரியான வெப்பநிலையில் வைக்கப்பட்டதா? வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

தரம் கண்ணுக்குத் தெரியாதபோது மனிதர் கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்துக்கொள்வார்: கடையின் சுத்தம், வரிசையின் நீளம், கேட்ட மருந்து இருந்ததா இல்லையா, மருந்தாளுநர் முகம் கொடுத்துப் பேசினாரா. சேவைத் தரத்தை அளக்க 1988இல் பரசுராமன், ஸைதமல், பெர்ரி மூவரும் உருவாக்கிய செர்வ்குவால் அளவுகோலும் கிட்டத்தட்ட இவற்றைத்தான் ஐந்து தலைப்புகளில் கேட்கிறது: கண்ணில் படும் வசதிகள், சொன்னபடி செய்தல், உடனடிக் கவனிப்பு, நம்பிக்கையூட்டுதல், அக்கறை. மருந்தக ஆய்வுகள் பலவற்றில் இதன் ஏதாவதொரு வடிவத்தைப் பார்க்கலாம்.

இந்த ஐந்தில் சங்கிலிகள் பொதுவாகக் கெட்டியாக நிற்பது முதல் இரண்டில். நீண்ட நேரம் திறந்திருக்கும், எந்தக் கிளைக்குப் போனாலும் பழைய மருந்துச் சீட்டு கணினியில் இருக்கும், விலைத் தள்ளுபடி உண்டு. தனிக்கடையின் பலம் கடைசித் தலைப்பில். அதே மனிதர் வருடக்கணக்காக அதே கவுண்டரில் நிற்பது தரும் நெருக்கத்தைச் சுழற்சி முறையில் ஆள் மாற்றும் கிளை கொடுப்பது கடினம். மக்கள் நம்பிக்கை வைப்பது மனிதர் மேல், காலடி எடுத்து வைப்பது வசதியான கடைக்கு. இதை முரண்பாடு என்று கண்டிக்க வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

இந்த ஐந்து தலைப்புகளில் எங்குமே சூழல் என்ற சொல் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்து ஆய்வாளர்கள் அதை ஆறாவதாகச் சேர்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

## 'பசுமையை விரும்புகிறேன்' என்ற பதிலை எப்படிப் படிப்பது

1. நல்லவராகத் தெரியும் ஆசை. 'சூழலைக் காக்கும் மருந்தகத்தை விரும்புவீர்களா?' என்று கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்படிச் சொல்வதற்கு அவருக்குச் செலவு எதுவும் இல்லை. கேள்வியிலேயே விடை இருக்கிறது.

2. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி. நுகர்வோர் ஆய்வுகளில் பழைய, திரும்பத் திரும்ப உறுதியான விஷயம் இது. மருந்தில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. காய்ச்சலோடு நிற்கும் குழந்தையை வைத்துக்கொண்டு யாரும் கடையின் கார்பன் தடத்தை, அதாவது அதனால் வெளியேறும் பசுங்குடில் வாயுவின் மொத்த அளவை, விசாரிப்பதில்லை. விசாரிக்கவும் கூடாது.

3. தேர்வே இல்லாத நிலை. எந்த மருந்து என்று முடிவுசெய்வது மருத்துவர். சில நாடுகளில் எந்தக் கடை என்பதையே காப்பீட்டு நிறுவனம் முடிவுசெய்கிறது. வாடிக்கையாளர் விருப்பம் சந்தையை மாற்றும் என்ற வாதம் காய்கறிக் கடையில் ஓரளவு எடுபடும். இங்கே அதன் பிடி தளர்வானது.

4. ஒளிவட்டம். உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே விவரித்த மனப்போக்கு: ஒன்றில் நல்லவர் என்று தோன்றினால் மற்றவற்றிலும் நல்லவர் என்று மனம் முடிவுகட்டிவிடும். பச்சை நிறப் பலகையும் மரத்தாலான அலமாரியும் வைத்த கடையின் மருந்து ஆலோசனை மேலானதாகத் தோன்றுவது இப்படித்தான். பசுமைப் பூச்சுக்கு, அதாவது செய்யாமலே பசுமையாகக் காட்டிக்கொள்வதற்கு, எரிபொருள் இதுதான்.

5. யாரிடம் கேட்டார்கள். கடை வாசலில் எடுத்த கணிப்பில் அந்தக் கடைக்கு வருபவர் மட்டும்தான் இருப்பார். அதிருப்தியில் வேறு கடைக்குப் போனவர், கிளை மூடியதால் வர முடியாதவர், இருவரும் எண்ணிக்கையில் வரமாட்டார்கள்.

இதனால் கருத்துக்கணிப்பே வீண் என்று ஆகிவிடாது. 'விரும்புகிறீர்களா' என்பதற்குப் பதிலாக, 'போன முறை மீந்த மாத்திரையை என்ன செய்தீர்கள்' என்று கேட்கும் கணிப்பு மிகப் பயனுள்ளது. நடந்ததைக் கேட்டால் ஓரளவு உண்மை வரும்.

## நீடித்த மேலாண்மை: மூன்று கால்கள்

ஐநா ஆணையத்தின் 1987ஆம் ஆண்டு ப்ருண்ட்லாந்து அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று வரையறுத்தது. ஜான் எல்கிங்டன் 1994இல் இதை வணிகக் கணக்குக்குள் கொண்டுவந்தார்: லாபம், மனிதர், பூமி மூன்றுக்கும் கணக்கு எழுத வேண்டும் என்றார். மருந்தகத்துக்கு இதைப் பொருத்தினால், கடை நஷ்டத்தில் மூடாமல் இருக்க வேண்டும்; நோயாளியும் ஊழியரும் பாதிக்கப்படக் கூடாது; மண்ணும் நீரும் காற்றும் கெடக் கூடாது. அறிக்கைகள் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் எளிதான பகுதியை மட்டும் படம் பிடித்துப் போடுகின்றன.

சரி, அந்த மூன்றாவதில் கனமான பகுதி எது?

உலகின் நிகரப் பசுங்குடில் வாயு உமிழ்வில் சுகாதாரத் துறையின் பங்கு சுமார் 4.4 சதவீதம் என்று 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. அதில் பெரும்பகுதி மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து வருவதில்லை. மருந்து, கருவி போன்றவற்றைத் தயாரித்துக் கொண்டுவரும் விநியோகச் சங்கிலியிலிருந்து வருகிறது. கார்பன் கணக்கியலில் இதை மூன்றாம் வட்டம் என்பார்கள்: நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் முதல் வட்டம், வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம், வாங்கி விற்கும் பொருளின் மொத்த வாழ்க்கையும் மூன்றாம் வட்டம். மருந்தகம் அடிப்படையில் வாங்கி விற்கும் இடம் என்பதால், மூன்றாம் வட்டத்தை விட்டுவிட்டு 'எங்கள் உமிழ்வு பாதியாகக் குறைந்தது' என்று ஒரு சங்கிலி சொன்னால் அது குறைத்தது விளக்கு எரியும் செலவைத்தான்.

### இன்ஹேலர்: ஒரு கணக்கு

ஆஸ்துமாவுக்கு அழுத்தி அடிக்கும் இன்ஹேலரில் மருந்தை வெளியே தள்ளுவது ஹைட்ரோஃப்ளூரோகார்பன் என்ற உந்துவாயு. அதில் பரவலான ஒரு வகை, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல 1,300 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும். இன்னொரு வகை 3,000 மடங்குக்கு மேல். மூச்சுத்திணறலைத் தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்றின் கார்பன் தடம், வகையைப் பொறுத்து ஏறக்குறைய 10 முதல் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். உந்துவாயு இல்லாத, தூளை உறிஞ்சும் வகை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் நின்றுவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றின் தடம் சில பத்து கிராம்தான். ஒரு இன்ஹேலரின் தடம் நூற்றுக்கணக்கான பைகளின் தடத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையின் மொத்தக் கார்பன் தடத்தில் இந்த வகை இன்ஹேலர்களின் பங்கு மட்டுமே சுமார் 3 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. இன்ஹேலர்களில் முன்பு இருந்தது ஓசோனைத் தின்னும் குளோரோஃப்ளூரோகார்பன். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதற்கு மாற்றாக வந்ததுதான் இன்றைய வாயு. இப்போது அந்த ஒப்பந்தத்தின் 2016 கிகாலித் திருத்தம் அந்த மாற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. வெப்பத் தாக்கம் மிகக் குறைந்த புதிய உந்துவாயுக்கள் வரத் தொடங்கியுள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சிறு குழந்தைகளாலும் மூச்சு வலு குறைந்தவர்களாலும் தூளை வேகமாக உறிஞ்ச முடியாது. இன்ஹேலரை மாற்றுவது மருத்துவரோடு சேர்ந்து எடுக்கும் முடிவு. பசுமை என்ற பெயரில் கவுண்டரில் கைமாற்றும் விஷயமல்ல. மருந்தாளுநர் செய்யக்கூடிய பெரிய காரியம் வேறு: இருக்கும் இன்ஹேலரைச் சரியாக அடிக்கக் கற்றுக்கொடுப்பது. தவறாக அடித்தால் மருந்து தொண்டையில் தங்கும், வாயு காற்றில் போகும், அடுத்த இன்ஹேலர் சீக்கிரம் தேவைப்படும்.

### நீரில் கலக்கும் மருந்து

மருந்து உடம்புக்குள் போனதும் முழுதாக அழிந்துவிடுவதில்லை. கணிசமான பங்கு சிறுநீரில் வெளியேறும். அது சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகும். 2022இல் வெளியான ஓர் ஆய்வு 104 நாடுகளின் 258 ஆறுகளில் மருந்து எச்சங்களைத் தேடியது. மாதிரி எடுத்த இடங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில், நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பானது என்று கருதப்படும் அளவை ஏதாவது ஒரு மருந்தாவது தாண்டியிருந்தது. வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் இரண்டும் பரவலாகக் கிடைத்தன.

அளவு சிறிதென்றால் கெடுதல் இல்லை என்று எண்ண முடியாது. கனடாவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடயாலை லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோகிராம்) அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் உருவானது. ஏரியின் சிறு மீன் இனம் ஒன்று கிட்டத்தட்ட இல்லாமலே போனது. தெற்காசியாவில் கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து மூன்று இனங்களை 95 சதவீதத்துக்கு மேல் அழித்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடுத்தன. மருந்தகம் விற்கும் பொருள் விற்ற பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

## கையிருப்பு: மேலாண்மையின் உண்மையான களம்

தேவையில்லாமல் தயாரித்து, குளிரூட்டி, ஏற்றி இறக்கி, கடைசியில் எரிக்கப்படும் மாத்திரையின் தடம் முழுக்க வீண். எனவே மருந்து வீணாவதைத் தடுப்பதுதான் மருந்தகத்தின் கையில் இருக்கும் மிகப்பெரிய சூழல் நடவடிக்கை. கடையில் வீணாவது வேறு, வீட்டில் வீணாவது வேறு.

கடைக்குள்:

1. முதலில் காலாவதியாவதை முதலில் விற்பது. கேட்க எளிது. ஆனால் பார்கோடில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பதியாத கடையில் இது கண்பார்வையை நம்பித்தான் நடக்கும்.

2. கிளைகளுக்கிடையே மாற்றுவது. ஒரு கிளையில் மூன்று மாதமாக அசையாத மருந்து இன்னொரு கிளையில் வாரத்துக்கு ஒன்று போகலாம். தனிக்கடைக்கு இந்த வாய்ப்பு கிடையாது. சங்கிலியின் உண்மையான சூழல் பலம் இங்கேதான் இருக்கிறது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட வராது, ஏனென்றால் படம் பிடிக்க எதுவும் இல்லை.

3. குளிர்த்தொடர். இன்சுலின், தடுப்பூசி போன்றவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஒரு இரவு குளிர்பெட்டி நின்றால் அதிலுள்ளது மொத்தமும் குப்பைக்குப் போகலாம். வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவுசெய்து எச்சரிக்கும் கருவிக்குச் செய்யும் செலவு, சூரியத் தகட்டுக்குச் செய்யும் செலவைவிடப் பல கடைகளில் நல்ல பலன் தரும் என்பது என் கணிப்பு.

வீட்டுக்குள் நடப்பது கடையின் கைக்கு எட்டாதது போலத் தோன்றும். உண்மையில் அதன் வேரும் கடையில்தான். நாள்பட்ட நோயாளிகளில் வளர்ந்த நாடுகளில்கூடச் சுமார் பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. மிச்சம் அலமாரியில் தங்கும். மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தால் பயணம் மிச்சம், டெலிவரி மிச்சம். நடுவில் மருத்துவர் மருந்தை மாற்றிவிட்டால் இரண்டு மாத மாத்திரை குப்பை. நிலையாகிவிட்ட மருந்துக்குப் பெரிய பொதியும், புதிதாகத் தொடங்கும் மருந்துக்குச் சிறிய பொதியும் என்பது பொருத்தமான வழி. ஆனால் கேட்காமலே அடுத்த தவணை மருந்தைத் தயார்செய்யும் சங்கிலிகளின் தானியங்கி மறுநிரப்பு வசதியும் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' திட்டமும் எதிர்த்திசையில் இழுக்கின்றன. கடையில் வீணாகியிருக்க வேண்டியதை இந்தத் திட்டங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கு நகர்த்திவிட்டு, கடைக் கணக்கில் 'வீண் குறைந்தது' என்று காட்டிவிடவும் முடியும். அறிக்கை படிப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

### பிரிக்காத அட்டையைத் திருப்பி வாங்கலாமே?

வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. திரும்பிவந்த மருந்தை மறுபடி விற்கப் பெரும்பாலான நாடுகள் அனுமதிப்பதில்லை. அது கடை வாசலைத் தாண்டிய பிறகு வெயிலில் கிடந்ததா, குளியலறையில் இருந்ததா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் திரும்பிவரும் மருந்து எரிப்பதற்குத்தான் போகும்.

காலாவதித் தேதி பற்றியும் ஒரு சொல். முத்திரை பிரிக்காமல், சொன்னபடி வைத்திருந்தால் அந்தத் தேதி வரை முழு வீரியத்துக்குத் தயாரிப்பாளர் உறுதி தருகிறார் என்பதே அதன் பொருள். மறுநாளே விஷமாகிவிடும் என்பதல்ல. அமெரிக்க ராணுவக் கிடங்கு மருந்துகளுக்காக 1986இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளியாயின: 122 மருந்துகளின் தொகுதிகளில் 88 சதவீதத்தைக் குறைந்தது ஓராண்டாவது நீட்டிக்க முடிந்தது. அதற்காக வீட்டு அலமாரியில் கிடப்பதைத் துணிந்து சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கட்டுப்பாடான கிடங்கு, தொகுதி தோறும் ஆய்வகச் சோதனை. கிடைக்கும் பாடம் தயாரிப்பாளருக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் உரியது: தேதியை நிர்ணயிக்கும் முறையில் வீணைக் குறைக்க இடம் இருக்கிறது.

### திரும்பப் பெறும் பெட்டி

ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் ஒரு விதி வகுத்தது: பயன்படாத, காலாவதியான மருந்துகளைச் சேகரிக்க உறுப்பு நாடுகள் எல்லாமே ஏற்பாடு செய்ய வேண்டும். பிரான்சின் சிக்லமெட் 1993லிருந்தும், போர்ச்சுகலின் வலோர்மெட் 1999லிருந்தும், ஸ்பெயினின் சிக்ரே 2001லிருந்தும் மருந்தகங்கள் வழியாகவே சேகரிக்கின்றன. தயாரிப்பாளர்களின் பணத்தில் நடக்கும் திட்டங்கள் இவை. கடை கொடுப்பது இடமும் உழைப்பும். ஆகவே ஒரு சங்கிலி இத்தகைய பெட்டியைத் தன் தாராள மனத்தின் அடையாளமாகக் காட்டினால், அந்நாட்டில் அது சட்டக் கடமையா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

பெட்டியால் தீராத பகுதியும் உண்டு. நீரில் சேரும் மருந்தில் பெரும்பங்கு உடம்பு வழியாகப் போவதுதான். கழிப்பறையில் கொட்டுவதால் போவது அதைவிடக் குறைவு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஃபென்டனில் என்ற வீரியமான வலிநிவாரணியின் ஒட்டுப்பட்டை போன்ற சிலவற்றை, திருப்பித் தர வழியில்லை என்றால் கழிப்பறையிலேயே கொட்டச் சொல்கிறது. ஒரு குழந்தை கையில் கிடைத்தால் உயிர் போய்விடும் என்ற ஆபத்து, நீரில் கலக்கும் ஆபத்தைவிடப் பெரிது என்பது அவர்கள் எடைபோட்ட விதம். சூழலும் பாதுகாப்பும் எப்போதும் ஒரே பக்கம் நிற்காது.

## மனிதரும் லாபமும்

2023 செப்டம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி பகுதியில் சிவிஎஸ் என்ற பெரிய சங்கிலியின் மருந்தாளுநர்கள் வேலைக்கு வராமல் எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்த மாதம் வால்கிரீன்ஸ் என்ற இன்னொரு சங்கிலியின் ஊழியர்களும் தொடர்ந்தார்கள். கோரிக்கையின் மையம் ஆள் பற்றாக்குறை. தடுப்பூசி, தொலைபேசி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும்போது பிழை வரும் என்பது அவர்கள் வாதம். இது தொழிலாளர் பிரச்சினை மட்டுமல்ல. இன்ஹேலரை அடிக்கக் கற்றுக்கொடுப்பது, தேவையற்ற இரட்டை மருந்தைக் கண்டுபிடிப்பது, 'முதலில் ஒரு வாரத்துக்கு வாங்கிப் பாருங்கள்' என்று சொல்வது, இவை எல்லாம் நேரம் பிடிக்கும் வேலைகள். மருந்தாளுநரின் நேரத்தை வெட்டும் சங்கிலி தன் முக்கியமான சூழல் கருவியை வெட்டுகிறது.

அப்புறம் லாபம். ரைட் எய்ட் என்ற அமெரிக்கச் சங்கிலி 2023 அக்டோபரில் திவால் மனு போட்டது, 2025 மே மாதம் மறுபடி போட்டது, அதே ஆண்டு அக்டோபரில் எஞ்சிய கிளைகளையும் மூடியது. வால்கிரீன்ஸ் மூன்று ஆண்டுகளில் 1,200 கிளைகளை மூடப்போவதாக 2024இல் அறிவித்தது. ஒரு சங்கிலி பக்கத்துத் தனிக்கடைகளை வாங்கிவிட்டோ விலையில் முறியடித்துவிட்டோ பிறகு தானும் வெளியேறினால், அந்த வட்டாரத்தில் மருந்தே கிடைக்காது. இதை 'மருந்தகப் பாலைவனம்' என்கிறார்கள். கிளை குறைந்ததால் அறிக்கையில் மின்சாரச் செலவும் உமிழ்வும் இறங்கும். நோயாளி ஓட்டும் கூடுதல் தூரம் யார் கணக்கிலும் ஏறாது.

லாபத்தைவிட நோக்கம் முன்னே வந்த நிகழ்வும் உண்டு. சிவிஎஸ் 2014இல் தன் கடைகளில் புகையிலை விற்பனையை நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் விற்பனை போகும் என்று அதுவே சொன்னது. அங்கு மட்டுமே சிகரெட் வாங்கிவந்த வீடுகள் சிகரெட் வாங்குவதையே நிறுத்த 38 சதவீதம் கூடுதல் வாய்ப்பு இருந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஆய்வில் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருந்தாலும் வாடிக்கையாளர் மனப்பான்மை பற்றி இது சொல்வது முக்கியம்: கடை எதை அடுக்கவில்லை என்பதும் நடத்தையை மாற்றும். வாடிக்கையாளர் விருப்பம் வரட்டும் என்று சங்கிலி காத்திருக்கத் தேவையில்லை.

## ஒரு சங்கிலியின் கூற்றைச் சோதிக்க

* உமிழ்வுக் கணக்கில் மூன்றாம் வட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் மீதியைப் படிப்பதில் அதிகப் பயன் இல்லை.
* காலாவதியாகி எரித்த மருந்தின் அளவு, விற்பனையில் எத்தனை சதவீதம் என்று கொடுத்திருக்கிறார்களா? ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிகிறதா?
* ஊழியருக்கான ஊக்கத்தொகை எதைப் பொறுத்தது: விற்ற அட்டைகளின் எண்ணிக்கையா, நோயாளி சாப்பிடும் மருந்துகள் தேவைதானா என்று பார்க்கும் மருந்து மதிப்பாய்வா?
* 'குறைத்தோம்' என்பது கிளைக்கு எவ்வளவு, மருந்துச் சீட்டுக்கு எவ்வளவு? மொத்தம் மட்டும் இருந்தால், கிளை மூடியதால் குறைந்ததா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகப் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர் விதியின்படி, நீரிலிருந்து மருந்து எச்சம் போன்ற நுண் மாசுகளை அகற்றும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும். மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றத்தை நாடியுள்ளன. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே இங்கு தயாரிப்பாளர் என்பதால், சொந்தப் பெயரில் வலி மாத்திரையும் முகக் களிம்பும் விற்கும் மருந்தகச் சங்கிலியும் அந்த வரையறைக்குள் வரக்கூடும். அப்படி வந்தால், இதுவரை அறிக்கையின் அடிக்குறிப்பில் இருந்த ஆற்றுநீர், சங்கிலிகளின் செலவுக் கணக்கிலேயே ஒரு வரியாக ஏறும்.